9 வோல்ட் பாட்டரி ஒரே ராத்திரியில் காலி: தப்பு பாட்டரி மேலா, போர்டு மேலா?

2023 ஜூன் 11

கேட்டது ஒரு கல்லூரித் தம்பி. சுருக்கிப் போடுகிறேன்: "அண்ணா, ஊனோ போர்டில் (நிரல் எழுதி ஏற்றும் சின்ன ஆர்டுயினோ பலகை) மாடித் தண்ணித் தொட்டிக்கு லெவல் அலாரம் செய்தேன். மேஜையில் லேப்டாப்பில் மாட்டினால் நாள் முழுக்க ஓடுகிறது. 9 வோல்ட் பாட்டரி போட்டு மாடியில் வைத்தால் காலையில் செத்துக் கிடக்கிறது. மூணு பாட்டரி போச்சு. கடைக்காரர் டூப்ளிகேட் தருகிறார். எந்த பிராண்ட் வாங்கலாம்?"

கடைக்காரரை விட்டுடுங்க தம்பி, அவர் பாவம். ஊனோவில் உங்கள் வேலையைச் செய்வது ஏடிமெகா328பி என்கிற ஒரே ஒரு சிப். மற்றதெல்லாம் கூட வந்தவர்கள். யூஎஸ்பி பேச இன்னொரு சிப், 9 வோல்ட்டை 5 ஆக்க ஒரு ரெகுலேட்டர், கரண்ட் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எரியும் ஒரு எல்இடி. என் ஊனோவை இன்று அளந்தேன். வெறும் எல்இடி மின்னும் நிரலுக்கே 46 மில்லிஆம்ப். சிப்பை முழுத் தூக்கத்தில் போட்டால் 32. வீட்டுக்காரர் படுத்துவிட்டார், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் காபி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

9 வோல்ட் சதுர பாட்டரியில் இருப்பதே சுமார் 500 மில்லிஆம்ப்-அவர். 46 ஆல் வகுத்தால் 11 மணி நேரத்துக்குள் முடிந்தது. ராத்திரி 9 மணிக்கு மாட்டினால் காலை 8 மணிக்கு முன்னால் காரியம். உங்களிடம் அல்ட்ராசோனிக் சென்சாரும் இருக்கிறது, அதற்கு முன்பே போயிருக்கும். இதில் 9 வோல்ட்டில் 4 வோல்ட் ரெகுலேட்டரில் சூடாகவே போகிறது.

என் யோசனை: போர்டை மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள், சிப்பை மட்டும் மாடிக்கு அனுப்புங்கள். நங்கநல்லூரில் என் வீட்டிலும் இதே கதைதான். சம்ப் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டுச் சொன்ன பிறகு ஓடுவது. நானும் செய்து பார்க்கிறேன். நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

2023 ஜூன் 12

"நானோ போட்டால் சரியாகிவிடுமா?" இல்லை. அளவுதான் சின்னது. அதே சிப், அதிலும் யூஎஸ்பி சிப், அதிலும் எல்இடி, அதிலும் ரெகுலேட்டர். என்னிடம் இருக்கும் மலிவு நானோ, தூக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதாத நிரலோடு, 30 மில்லிஆம்புக்குப் பக்கத்தில் குடிக்கிறது.

2023 ஜூன் 18

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே 328பி, 28 கால் சிப் இரண்டு வாங்கி வந்தேன். பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் குத்திப் பார்க்கும் துளைப் பலகை) குத்தி, ஊனோவையே புரோகிராமராக வைத்து எல்இடி நிரலை ஏற்றினேன். (அந்த ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 10 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் போடாமல் அரை மணி நேரம் போனது. அது இல்லாவிட்டால் நிரலை ஏற்றப் போகும்போதெல்லாம் ஊனோ தானே ரீசெட் ஆகிவிடும், நிரல் தப்பான சிப்புக்குப் போகும்.)

ஏறிவிட்டது என்று கணினி சொல்கிறது, எல்இடி எரியவில்லை. ஒயரைப் பார்த்தேன், எல்இடியைத் திருப்பிப் போட்டேன். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தால் எரிந்துகொண்டிருக்கிறது! உட்கார்ந்து பார்த்தேன், அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

விஷயம் இதுதான். கடையில் வாங்கும் புதுச் சிப் உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை (சிப்பின் கடிகாரம்) 8-ஆல் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வருகிறது. நான் நிரலை 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோவுக்கென்று தொகுத்திருந்தேன். அதனால் ஒரு நொடி 16 நொடி ஆனது. போர்டில் கடிகாரத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் ஒன்று இருப்பதையே மறந்துபோகும் அளவுக்கு அது சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது.

இன்னொன்று. ஏவிசிசி என்கிற 20-ஆம் காலை "அனலாக் எனக்கு வேண்டாமே" என்று விட்டுவிட்டேன். அனலாக் வேண்டாமென்றாலும் அதற்கு சப்ளை கொடுத்தே ஆக வேண்டும், அந்தப் பக்கத்து பின்கள் அதிலிருந்துதான் ஓடுகின்றன. 7-ஆம் காலுக்கும் 20-ஆம் காலுக்கும் சப்ளை, 8-க்கும் 22-க்கும் கிரவுண்ட், சிப்புக்கு ஒட்டினாற்போல 100 நானோபாரட். இதில் எதையும் ஊனோவில் நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

2023 ஜூன் 19

ஒரு சிப்பைக் கொன்றுவிட்டேன். ப்யூஸ் பிட்டில் (எந்தக் கடிகாரத்தில் ஓடுவது போன்றதைச் சிப்புக்குச் சொல்லும் அமைப்பு) 'வெளிக் கிரிஸ்டல்' என்று எழுதிவிட்டேன், பலகையில் கிரிஸ்டலே கிடையாது. இப்போது கூப்பிட்டால் பதில் இல்லை.

2023 ஜூன் 19, இரவு

கொல்லவில்லை. வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. கையில் கிரிஸ்டல் இல்லை. ஊனோவின் ஒரு பின்னில் சதுர அலை உண்டாக்கி 9-ஆம் காலில் கொடுத்தேன், எழுந்துகொண்டது. உடனே ப்யூஸைத் திருப்பி எழுதினேன். பழைய டப்பாவில் 'செத்தது' என்று எழுதி வைத்திருக்கும் நாலு சிப்பையும் இனி ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2023 ஜூலை 2

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். சிப் ஒரு மணி நேரமாக நன்றாக ஓடியது. எல்இடி மட்டும் கொஞ்சம் மங்கல். எவ்வளவு கரண்ட் என்று பார்க்க சப்ளை ஒயரில் மீட்டரை வைத்தால் பூஜ்யம். பிரமாதம், மைக்ரோஆம்புக்கும் கீழே போய்விட்டேன் என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பு ஒயர் எதுலயும் மாட்டலையேப்பா" என்றாள்.

சப்ளையே இல்லாமல் ஓடியிருக்கிறது. சீரியல் பேச ஊனோவிலிருந்து ஒரு கம்பி இழுத்திருந்தேன். அந்தக் கம்பியின் 5 வோல்ட், சிப்பின் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோட் வழியாக ஏறி, சிப்பையே ஓட்டியிருக்கிறது. கொல்லைப்புறமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவது போல. அதனால் அளக்கும்போது சப்ளை தவிர எல்லாக் கம்பியையும் கழற்றிவிட்டு அளங்க.

2023 ஜூலை 9

இனி நிஜ அளவு. தூக்கத்தில், 8 நொடிக்கு ஒரு தரம் எழுப்பும் வாட்ச்டாக் ஓடிக்கொண்டிருக்க, 5 மைக்ரோஆம்ப். முதலில் 25 காட்டியது. ப்ரவுன்-அவுட் காவலை (வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் சிப்பை ரீசெட் செய்வது) தூங்கும்போது அணைத்ததும் 20 குறைந்தது.

ஆனால் இந்த எண்ணைப் பார்ப்பதற்குள் பட்ட பாடு! மீட்டரை மைக்ரோஆம்ப் ரேஞ்சில் வைத்தாலே சிப் மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மீட்டர் தன் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் கரண்ட்டை அளக்கிறது. சிறிய ரேஞ்சில் அந்த ரெசிஸ்டர் பெரியது. தூங்கும்போது ஒன்றும் தெரியாது. சிப் எழுந்து சில மில்லிஆம்ப் கேட்டவுடன் வோல்டேஜ் மொத்தமும் மீட்டரிலேயே விழுந்து, சிப் ரீசெட் ஆகிவிடும். அளக்கும் கருவியே நோயாளியைப் படுக்கப் போடுகிறது. மீட்டருக்குக் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டு, எழும்போது மூடி, தூங்கியதும் திறந்து அளந்தேன்.

2023 ஜூலை 10

அந்தச் சுவிட்சை மறந்து, அதே ரேஞ்சில், கீழே செய்தி அனுப்ப வைத்திருக்கும் ரேடியோ மாட்யூலையும் சேர்த்து சப்ளையை மாற்றி மாட்டியதில் மீட்டர் ப்யூஸ் போச்சு. மீட்டரின் விலையில் கால் பங்கு ப்யூஸுக்கே ஆகும் போலிருக்கிறது.

2023 ஜூலை 23

மாடி வடிவம் இப்போது இப்படி. வெறும் 328பி, என்ஆர்எஃப்24 ரேடியோ, இரண்டு டபுள்-ஏ செல், ஒரு மிதவை சுவிட்ச். ரெகுலேட்டர் கிடையாது. இரண்டு செல் புதிதாக 3.2 வோல்ட், இந்த ரேடியோவுக்கு 1.9-லிருந்து 3.6 வரை சரி. ரேடியோவின் சப்ளைக் காலில் ஒரு 10 மைக்ரோபாரட் வைத்த பிறகுதான் ஒழுங்காகப் பேசியது.

ஜூனில் நான் திட்டிய 1 மெகாஹெர்ட்ஸையே வைத்துக்கொண்டேன். இந்தச் சிப்பை 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட 4 வோல்ட்டுக்குப் பக்கம் வேண்டும். 4 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் 1.8 வோல்ட் போதும். செல் தேயத் தேயவும் ஓடும்.

அல்ட்ராசோனிக்கை எடுத்துவிட்டேன். அதற்கு 5 வோல்ட் வேண்டும், தொட்டிக்குள் ஆவி படிந்து தப்பாகச் சொல்கிறது. யோசித்துப் பார்த்தால் தண்ணீர் எத்தனை சதவீதம் என்று எனக்குத் தெரிந்து ஆவதென்ன? நிறைந்ததா இல்லையா, அதுதான் வேண்டும். மேஜையில் போர்டும் நிறைய பின்னும் இருந்ததால்தான் சதவீதம் கேட்டேன் என்று இப்போது படுகிறது.

கணக்கு: 38 எட்டு நொடித் தூக்கத்துக்கு ஒரு தரம், அதாவது சுமார் 5 நிமிடத்துக்கு ஒரு செய்தி. சராசரி 7 மைக்ரோஆம்ப். 2000 மில்லிஆம்ப்-அவர் செல்லை வகுத்தால் 32 வருஷம். என் பேரனுக்கு எழுதி வைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 6

"இவ்வளவு எதற்கு, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு போட்டால் போனிலேயே பார்க்கலாமே" என்று நாலு பேர். போடுங்கள், நல்ல சாமான்தான். எனக்கும் ஒன்று இருக்கிறது. வைஃபை பேசும் கணத்தில் நூற்றுக்கணக்கில் மில்லிஆம்ப் இழுக்கும், இரண்டு டபுள்-ஏ செல்லிடம் அதைக் கேட்க முடியாது. வீட்டுக் கரண்ட் இருக்கும் இடத்தில் அது ராஜா.

அதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மிதவை சுவிட்சை ஜிபிஐஓ 12 என்கிற பின்னில் மாட்டினேன், நிறைந்தால் 3.3 வோல்ட் வரும்படி. தொட்டி காலியாக இருந்தால் போர்டு எழும். நிறைந்திருந்தால் கரண்ட் போய் வந்த பிறகு எழவே எழாது. இரண்டு நாள் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சோதித்த பிறகு பிடிபட்டது. தொடங்கும் கணத்தில் அந்த பின் மேலே இருந்தால், பிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று சிப் எடுத்துக்கொள்ளும். இந்த மாட்யூலில் இருப்பது 3.3 வோல்ட் பிளாஷ். போர்டில் அந்த பின்னுக்குப் பக்கத்தில் வெறும் '12' என்று அச்சிட்டிருக்கிறது, இன்ன பிரச்சினை உண்டு என்று இல்லை. வேறு பின்னுக்கு மாற்றியதும் தீர்ந்தது.

2023 ஆகஸ்ட் 7

நேற்று எழுதியதைப் படித்தால் போர்டு என்றாலே எனக்கு ஆகாது போல் இருக்கிறது. அப்படியில்லை. நான் படித்தது 8051-ல், இன்டெல் 1980-ல் கொண்டுவந்த குடும்பம். 2001-ல் எங்கள் ஆய்வகத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் 40 கால் சிப்பை சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்து, புரோகிராமரில் வைத்து, எழுதி, திரும்பச் செருக வேண்டும். பத்து தரம் எடுத்தால் ஒரு கால் மடியும், இருபதாவது தரம் ஒடியும். அதனால் ஒரு வரி மாற்ற ஒரு நாள் யோசிப்போம். 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்கிற ஊரில் ஆர்டுயினோவைத் தொடங்கியவர்கள் (அந்த ஊர் மதுக்கடை ஒன்றின் பெயர்தான் அது) யூஎஸ்பி கேபிளை மாட்டி அழுத்தினால் ஏறும்படி செய்ததில், தப்பு செய்வது மலிவாகிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிசு.

2023 செப்டம்பர் 3

32 வருஷக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனியே எழுதினார்: "சார், மிதவை சுவிட்ச் மூடியிருக்கும்போது உள் புல்-அப் வழியாக ஓடும் கரண்ட்டைச் சேர்த்தீர்களா?"

சேர்க்கவில்லை. உள் புல்-அப் என்பது பின்னைச் சப்ளைப் பக்கம் இழுத்துப் பிடிக்கும், சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர், 20-லிருந்து 50 கிலோஓம். தொட்டி நிறைந்து சுவிட்ச் மூடியதும் அதன் வழியாக இரவும் பகலும் கசிகிறது. அளந்தேன், 84 மைக்ரோஆம்ப். சிப், ரேடியோ எல்லாம் சேர்ந்து 7, ஒரு சும்மா கிடக்கும் சுவிட்ச் 84! எங்கள் வீட்டில் தொட்டி பெரும்பாலும் நிறைந்தேதான் இருக்கும். 32 வருஷம் இரண்டரை வருஷமானது. ஜூலையில் அளந்தபோது மிதவையை மாட்டாமல் மேஜையில் வைத்து அளந்தேன், அதனால் கண்ணில் படவில்லை.

திருத்தம் சுலபம். படிக்கும் கணத்தில் மட்டும் புல்-அப்பைப் போட்டு, படித்ததும் எடுத்துவிடுவது. இப்போது மறுபடி 7. செல் தானாகவே பத்து வருஷத்துக்கு மேல் தாங்காது என்பதையும் அவரே சொன்னார். பேரனுக்கு எழுதிய உயிலைக் கிழித்துவிட்டேன். ரொம்ப நன்றி சார்.

2023 செப்டம்பர் 4

"இதிலேயே நீல ரிலே (சிப் சொன்னால் போட்டு அணைக்கும் மின் சுவிட்ச்) மாட்டி மோட்டாரை நிறுத்தலாமே?" நான் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். அந்த ரிலேயில் 10 ஆம்ப் என்று போட்டிருக்கும். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்ப்தான், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் நிரல் 'நிறுத்து' என்று கத்தினாலும் மோட்டார் நிற்காது. செய்தே ஆக வேண்டுமென்றால் மோட்டாருக்கென்று உள்ள காண்டாக்டரை (பெரிய கரண்ட்டைத் தாங்கும் ரிலே) போட்டு, எலக்ட்ரீசியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எனக்கு பஸ்ஸர் அடித்தால் போதும், எழுந்து போய் நிறுத்துகிறேன்.

2023 டிசம்பர் 10

மிக்ஜாம் புயல் மழை முடிந்து எங்கள் தெருவில் கரண்ட் வந்து இரண்டு நாள் ஆகிறது. மாடியில் இருப்பது ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்க ஆள்தான் இல்லை. கீழே செய்தியை வாங்கும் நானோ சுவர் அடாப்டரில் இருக்கிறது. கரண்ட் போனதும் செவிடாகிவிட்டது.

பவர் பேங்கில் மாட்டினேன். அரை நிமிடத்தில் பவர் பேங்க் அணைந்துவிட்டது. திரும்ப அழுத்தினால் மறுபடி அரை நிமிடம். போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது, 30 மில்லிஆம்ப் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சதுர பாட்டரிக்கு எமனாக இருந்த போர்டு, பவர் பேங்குக்குக் கண்ணிலேயே படவில்லை! வேண்டுமென்றே ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டுக் கரண்ட்டை வீணாக்கிய பிறகுதான் நிலையாக ஓடியது. ஆறு மாதமாக மைக்ரோஆம்ப் மைக்ரோஆம்பாக மிச்சம் பிடித்தவன், சூடாக்குவதற்கென்றே ரெசிஸ்டர் மாட்டிக்கொண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மோட்டாருக்கும் கரண்ட் இல்லாதபோது தொட்டி எப்படி நிறையும், அலாரம் எதற்கு என்று மகள் கேட்டாள். அது ரெசிஸ்டரை சால்டர் செய்து முடித்த பிறகு.

2024 பிப்ரவரி 18

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்தார். அவர் சிப்புக்கு மாறவே இல்லையாம். மாடிப்படி வரை ஏற்கெனவே ஒரு பிளக் பாயின்ட் இருந்திருக்கிறது. பழைய போன் சார்ஜரை ஊனோவின் யூஎஸ்பியில் மாட்டி, போர்டோடு ஒரு சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடிவிட்டார். எட்டு மாதமாக ஓடுகிறது. "தப்பா அண்ணா?" என்கிறார்.

தப்பே இல்லை தம்பி. ஜூனில் நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பது. கேட்காமல் சிப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிவிட்டேன். ஒரே ஒன்று செய்கிறீர்கள், பக்கத்தில் கரண்ட் இருக்கிறது என்றால் போர்டே பெட்டிக்குள் போகட்டும். என் கீழ்வீட்டு நானோவும் அப்படித்தானே கிடக்கிறது. செல்லில் ஓட வேண்டும், அல்லது பத்து இருபது செய்ய வேண்டும் என்றால்தான் இந்தத் தலைவலி.

ஜம்பர் ஒயரை மட்டும் நம்பாதீர்கள். மேஜையில் ஆடாமல் இருப்பது மாடி வெயிலில் விரிந்து சுருங்கிக் கழன்றுவிடும். சால்டர் செய்துவிடுங்கள்.

2024 மார்ச் 24

எங்கள் குடியிருப்பில் பார்த்துவிட்டு எட்டு வீட்டுக்காரர்கள் கேட்டதால் பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் பலகை) வரைந்து அடித்து வாங்கினேன். பத்துப் பலகை வந்தது. அழகாக இருக்கிறது. ஏவிசிசி இருக்கிறது, 100 நானோபாரட் சிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, ரீசெட்டுக்கு 10 கிலோஓம் இருக்கிறது. நிரல் ஏற்றுவதற்கு ஆறு பின் இணைப்பு மட்டும் இல்லை. வரையும்போது கடைசியில் வைக்கலாம் என்று ஒதுக்கியது ஒதுக்கியதாகவே போயிற்று.

சிப்பை நேராக சால்டர் செய்யாமல் சாக்கெட் போட்டிருந்தேன், அதனால் தப்பித்தேன். ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால் நெம்பி எடுத்து, ஊனோவில் வைத்து, எழுதி, திரும்பச் செருகுகிறேன். 2001 ஆய்வகம் மாதிரியே. மூன்றாவது வீட்டுச் சிப்புக்கு ஏற்கெனவே ஒரு கால் மடிந்திருக்கிறது.

2024 ஏப்ரல் 28

செல் எப்படி இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். காலையில் மாடியில் அளந்தேன், 2.98 வோல்ட். மீட்டருக்குப் புது ப்யூஸ் போட்டாச்சு.